எட்டு டிகிரி

செண்பகராமன்புதூரில்
வடக்கு என்றால் மலை.
துருவன் அதற்குப் பின்னால் இருக்கிறான்.
எங்கள் ஊருக்கு அவன் எழும்புவதே எட்டு டிகிரிதான்,
மலை ஒன்பது.

கையேட்டின் முதல் வரி சொல்கிறது:
துருவ நட்சத்திரத்தைத் துளை வழியே பார்.
பார்த்தேன்.
கறுப்பாக ஒரு பாறை விளிம்பு,
அதன்மேல் யாரோ வைத்த காட்டுத்தீயின்
மெலிந்த சிவப்பு.

திருவனந்தபுரத்துப் பல் டாக்டர் ஒருவர்
பாதி விலைக்குத் தந்த மவுண்ட்.
பதினாறு கிலோ, இரண்டு மோட்டார்.
எந்த நாட்டுக்காரன் செய்தானோ,
சாய்மானப் பட்டையில்
பத்துக்குக் கீழே கோடே போடவில்லை.
இவ்வளவு தெற்கில்
யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை என்று
நினைத்திருப்பான்.
தெற்குக் காலுக்கு அடியில்
ஓர் ஓட்டுத்துண்டைச் செருகினேன்.
தாழ்ந்த நிலைப்படியில் குனிகிறவனைப்போல
வடக்கே கொஞ்சம் தலை தாழ்ந்தது.

பகலில் முப்பந்தலில் வேலை எனக்கு.
காற்றாலையின் கழுத்துக்கு கிரீஸ் போடுகிறவன்.
காற்று திசை மாறினால்
அத்தனை டன் தலையும் தானே திரும்பும்,
யாரையும் எதுவும் கேட்காது.

இது கேட்டது.
ஊர் கேட்டது. நாகர்கோவில் பட்டியலில் இல்லை.
மணி கேட்டது.
தேதி கேட்டது. பிப்ரவரி ஐந்து,
ஐந்து, இரண்டு என்று அடித்தேன்.
சிரியஸைக் காட்டு என்றேன்.

கிழக்கே நல்ல உயரத்தில்
கண் கூச நின்றுகொண்டிருந்தது சிரியஸ்.
மோட்டார் கரகரவென்று மேற்கே போயிற்று,
இறங்கிற்று,
தாணுலிங்கம் வீட்டுத் தண்ணீர் டாங்கில்
முகம் பதித்து
பீப் என்றது.
வந்து சேர்ந்துவிட்டதாம்.

"எங்க டாங்குல என்னத்த பாக்குதிய?"
"சிரியஸ், அண்ணே."
"ஆரு?"

மறுநாள் டாங்குகூட இல்லை.
சிரியஸ் தொடுவானத்துக்குக் கீழே என்று
சின்னத் திரையில் எழுதிக் காட்டியது,
என் நெற்றிக்கு நேரே அது எரிந்துகொண்டிருக்க.
கேபிளை மாற்றினேன். திருகை முறுக்கினேன்.
பல் டாக்டரைச் சந்தேகப்பட்டேன்.

நாலாம் இரவு பெனிலா
செல்போன் வெட்டத்துக்குச் சிவப்பு மிட்டாய்த்தாள் சுற்றி
கையேட்டை வாசித்துக்கொண்டு வந்தவள்
சிரிக்கத் தொடங்கினாள். அடக்க முடியாமல்
படியில் உட்கார்ந்துவிட்டாள்.
"மாசத்த முதல்ல போடணுமாம்.
அன்னைக்கு மே ரெண்டு, நேத்து ஜூலை,
உங்க மிஷினுக்கு இன்னைக்கு ஆகஸ்டு.
ராத்திரிக்கு ஒரு மாசம் தாண்டியிருக்கிய."

தேதி சரியானதும்
சிரியஸ் வந்தது, கண்ணாடியின் ஓரத்தில்,
ஏறத்தாழ.
ஐந்து நிமிடத்தில் ஏறத்தாழ போயும்விட்டது.

துருவனைப் பார்க்காதவர்களுக்கும்
கடைசிப் பக்கத்தில் ஒரு வழி இருந்தது.
திருவாதிரைக்குக் கீழே வரிசையாக மூன்று நட்சத்திரம்,
முதலாவதைக் குறுக்குக் கம்பியில் நிறுத்து.
சும்மா இரு.
தெற்கே நழுவினால் உன் அச்சு கிழக்கே பிசகியிருக்கிறது,
வடக்கே நழுவினால் மேற்கே.
அது தப்பிப் போகிற பக்கத்திலிருந்து
உன் தப்பைத் தெரிந்துகொள்.

நழுவியது. திருகினேன்.
அதிகம். திரும்பத் திருகினேன்.
ஆரல்வாய்மொழிக் காற்று ஒவ்வொரு தடவையும்
குழாயைப் பிடித்து உலுக்கியது.
காற்றில் சம்பளம் வாங்குகிறவன்
அது நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
அணைந்து எரிந்தன, நேரம் எண்ணுவதுபோல.

பத்தே முக்காலுக்கு
கம்பியில் வைத்த நட்சத்திரம்
கம்பியிலேயே இருந்தது.
ஒரு நிமிடம். நாலு. ஏழு.
கீழே மோட்டார் பூனைபோல உறுமிக்கொண்டிருந்தது.
பார்க்காத ஒன்றை நோக்கி
சரியாகத்தான் திரும்பியிருந்தது அச்சு.

மூன்று கால்களும் நின்ற இடத்தில்
பெனிலா நகப்பூச்சால் வட்டம் வரைந்தாள்.

தாணுலிங்கம் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு
மாடிக்கு வந்தார்.
தன் டாங்கை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு
கண்ணை வைத்தார்.
நெடுநேரம் எடுக்கவில்லை.

"இது அனங்கவே இல்லியே மக்கா,"
என்றார், ஏமாந்தவராக.